ஒண்ணாம் நம்பர் சிஸ்டம்

— இன்னொரு தபா பாருங்க ஆல்பர்ட்ணா. எங்கியாச்சும் ஒளிச்சி வச்சிருப்பா.

— மூணு தபா பாத்துட்டேன் வாஜித்து. சேவ் ஸ்டேட்டு ஒண்ணு கூட இல்ல.

— அப்டின்னா இன்னா?

— காரு செவுத்துல முட்றதுக்கு முன்னாலயே ஆட்டத்த அப்டியே நிறுத்திப் பதிஞ்சி வச்சிக்கலாம். முட்டிக்கினா, பதிஞ்ச எடத்துலருந்து மறுபடி ஓட்டலாம். பழைய டிவி கேம கம்ப்யூட்டர்ல ஓட்ற இந்த எமுலேட்டர்ல திருட்டுத்தனம் பண்றவங்க மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க. உன் பொண்ணு அந்தப் பக்கமே போவல. வேகமும் நூறுலதான் நிக்கிது. ஏசப்பா, பதிமூணு வயசுப் புள்ளைய வேவு பாக்கறதுக்கா கள்ளக்குறிச்சிலருந்து தியாகதுருகம் வரிக்கும் லேப்டாப்ப தூக்கிக்கினு வந்த? செருப்புக் கடைய யாரு பாக்கறது?

— தம்பி பாத்துக்குவான். வேற யாருகிட்டண்ணா போவேன்? உங்க பிரவுசிங் சென்டர்லதான நா அந்த ரெக்கார்டு போட்டேன். ரெண்டு நிமிஷம் நாலு செகண்டு. நீங்கதான அட்டையில எழுதி செவுத்துல ஒட்னீங்க, 'வாஜித், பன்னண்டாம் வகுப்பு'ன்னு. அந்த ரோடு எப்டின்னு உங்களுக்குத் தெரியும். மலப்பாத, பதினோரு கொண்டை ஊசி. அதுல என் பொண்ணு அப்ரின் ரெண்டு நிமிஷம் ரெண்டு செகண்டுல வந்தேன்றா. நம்பற மாரியா இருக்குது?

— வந்துட்டுப் போவட்டுமே. பெத்தவனுக்கு சந்தோஷம்தான வரணும்.

— வரலண்ணா. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். வரல.

— ம். அப்பறம்?

— இந்தக் கதைய அவகிட்ட சின்ன வயசுலருந்து சொல்லிக்கினு வரேன். இந்த லீவுல நாந்தான் லேப்டாப்ல எமுலேட்டரப் போட்டுக் குடுத்தேன், அத்தா ஆடுன ஆட்டத்த நீயும் ஆடிப் பாருன்னு. நா கடைக்குப் போனப்பறம் ஆடிட்டு, ராத்திரி டைம மட்டும் சொல்லுவா. மூணு நிமிஷம், ரெண்டே முக்கா, ரெண்டரைன்னு வந்தா. நா வாய வச்சிக்கினு சும்மா இருக்கல. 'இன்னாடி டல்லு, நா ஊர்ல ஒருத்தனக் கூட கிட்ட வுட்டதில்ல'ன்னு சொல்லிக்கினே இருந்தேன். வெளையாட்டாத்தான். தெனமும் சொல்லுவேன்.

— தெனமும் சொன்னா அது வெளையாட்டில்லடா.

— பக்ரீத்துக்கு மணலூர்பேட்டைல எங்கக்கா வூட்ல எல்லாரும் கூடியிருந்தோம். பிரியாணி சாப்ட்டு ஒக்காந்துக்கினு இருக்கறப்ப லேப்டாப்ப எடுத்தாந்து என் மடியில வச்சா. பட்டியல்ல மொத எடத்துல அவ பேரு. ரெண்டு நிமிஷம் ரெண்டு செகண்டு. மச்சான் கை தட்டிட்டாரு. 'மாப்ள, உன் கிரீடம் போச்சே'ன்னாரு. எனுக்கு மூஞ்சியெல்லாம் எரிஞ்சிப் போச்சு. 'குடு பாக்கலாம்'னு வாங்கி ஆட்டத்தப் போட்டேன். போட்டவொடனே தெரிஞ்சிப் போச்சுண்ணா.

— இன்னா தெரிஞ்சிது?

— பாட்டு! அந்த ரேஸ் பாட்டு தலைதெறிக்க ஓடுது! நம்ம காலத்துல எப்டி வரும்? இழுத்து, நிறுத்தி, கம்பீரமா வரும். இது நாய் தொரத்துன மாரி ஓடுது. 'ஆட்டத்தோட வேகத்த ஜாஸ்தி பண்ணி வச்சிருக்கா, அதான் டைம் கம்மியா காட்டுது'ன்னு சொல்ட்டேன்.

— எல்லார் முன்னாலயும்.

— பதினாலு பேரு முன்னால. 'திருட்டுத்தனமா ஆடுனேன்னு ஒத்துக்கோ'ன்னேன். வாயத் தொறக்கல. 'ஒத்துக்கற வரிக்கும் எழுந்து நில்லு'ன்னேன். நின்னா. அக்கா வூட்டுப் பசங்கள்லாம் சிரிச்சிதுங்க. அக்கா வந்து கையப் புடிச்சி உள்ள கூட்டினு போற வரிக்கும் நின்னுக்கினே இருந்தா. அழவும் இல்ல.

— அதுக்கப்பறம்?

— பதினோரு நாளாச்சு, எங்கிட்ட ஒரு பேச்சு கெடையாது. நா வூட்டுக்குள்ள நொழைஞ்சா அவ எழுந்து உள்ள போயிடறா. என் வூட்டுக்காரி ஷர்பு நேத்து சொல்ட்டா. 'தப்பா சொல்லியிருந்தா மன்னிப்பு கேளுங்க, சரியா சொல்லியிருந்தா நிரூபிங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க'ன்னா. அதான் நிரூபிச்சிடலாம்னு வந்தேன்.

— மன்னிப்பு கேக்கலாம்னு தோணல.

— தோணலண்ணா.

— சரி, ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு. இரு, அந்தம்மாவுக்கு பட்டா பிரிண்ட்ட குடுத்து அனுப்பிட்டு வரேன்... தோ பாரு. இப்ப நீயே ஓட்டு.

— நானா?

— ரெக்கார்டு போட்ட கை தான? ஓட்டிக் காட்டு.

— பத்தொம்போது வருஷமாச்சு. சரி, போடுங்க. தோ, ஸ்டார்ட்டு. கேளுங்க, கேளுங்க, பாட்டக் கேளுங்க! எப்டி ஓடுது பாருங்க!

— பாட்ட வுடு, ரோட்டப் பாரு. மொத வளைவு வருது.

— அய்ய, முட்டிக்கிச்சு. இன்னாண்ணா இது, திருப்பறதுக்குள்ள செவுரு வந்துடுது. ரெண்டாவதுல பாருங்க... இரு இரு இரு... போச்சு.

— மூணு நிமிஷம் பதினேழு செகண்டு.

— கை பழக்கம் வுட்டுப் போச்சுண்ணா. இன்னொரு தபா.

— ஓட்டு, நா எங்கியும் போவல.

— பள்ளத்துல எறங்கிடுச்சு. சே!

— மூணு ஆறு.

— இது மனுசன் ஓட்ற வேகமே இல்ல. நா சொல்றேன்ல, ஜாஸ்தி பண்ணிதான் வச்சிருக்கா!

— இரு. செட்டிங்ஸ்ல ஒண்ணே ஒண்ணு மாத்தறேன். ம், இப்ப ஓட்டு.

— அண்ணா!

— இன்னாடா?

— இதாண்ணா! இதான் பாட்டு! அல்லா, கேட்டு எவ்ளோ வருஷமாச்சு! காரு எப்டி திரும்புது பாருங்க. மொத வளைவு, சும்மா அப்டியே போவுது. ரெண்டாவது. மூணாவதுல உள்பக்கமா ஒட்டி வரணும், தோ, வந்துட்டேன்! கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுண்ணா! எட்டாவதுல பிரேக் புடிக்கக் கூடாது... புடிக்கல... ரெண்டு நிமிஷம் பன்னண்டு! மொத ஓட்டத்துலயே! பாத்தீங்களா? அவ ஏத்தி வச்சத எறக்கிட்டீங்க, அவ்ளோதான?

— நூறுல இருந்துது. நா அம்பத்தஞ்சு ஆக்கினேன்.

— நூறுன்னா?

— டிவியில மாட்டி ஆடுற நெசமான கன்சோல் பொட்டி எந்த வேகத்துல ஓடுமோ, அதான் நூறு. உன் பொண்ணு எதையும் ஏத்தி வைக்கல வாஜித்து. அந்தப் பாட்டு பொறந்ததே அந்த ஓட்டத்துலதான்.

— அப்ப நம்ம சென்டர்ல மட்டும் எப்டி?

— நீ எந்த சிஸ்டத்துல ஒக்காருவ?

— ஒண்ணாம் நம்பர். என் ராசி சிஸ்டம். நாலாம் நம்பரு புதுசா வந்து காலியா கெடந்தாக் கூட ஒண்ணாம் நம்பருக்குத்தான் காத்துக்கினு நிப்பேன். அதுல ஒக்காந்தாத்தான் எனுக்குக் கை ஓடும். என்னியப் பாத்து எல்லாப் பசங்களும் அதுக்கே வரிசைல நின்னானுங்களே.

— சென்டர்லயே ரொம்பப் பழைய மெஷின் அது. எமுலேட்டர்னா இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கற? கேம் எழுதுனவன் அந்தக் கன்சோல் பொட்டிக்குள்ள இருக்கற சிப்புக்காக எழுதியிருக்கான். அந்த உத்தரவு ஒண்ணு கூட நம்ம கம்ப்யூட்டருக்குப் புரியாது. எமுலேட்டர் நடுவுல ஒக்காந்துக்கினு, ஒவ்வொண்ணா வாங்கி, மாத்தி, கம்ப்யூட்டருக்குப் புரியற மாரி சொல்லும். கேமுக்கு இது எதுவும் தெரியாது. நெசமான பொட்டியிலதான் இருக்கோம்னு நம்பி அது பாட்டுக்கு ஓடும். ஆனா பொட்டி ஒரு வேல செய்யற எடத்துல கம்ப்யூட்டரு பத்து வேல செய்யணும். நாலாம் நம்பரு செஞ்சிடும். ஒண்ணாம் நம்பருக்கு மூச்சு வாங்கும்.

— சரி, மெதுவா ஓடுச்சுன்னே வச்சிக்குவோம். மெதுவா ஓடுனா டைம் ஜாஸ்தியால்ல காட்டணும்? எனுக்குக் கம்மியா காட்டுச்சே?

— அங்கதான் ஏமாந்த. கேமு நம்ம கடியாரத்தப் பாக்காது. படத்த எண்ணும். திரையில அறுவது படம் போட்டா ஒரு செகண்டு முடிஞ்சிதுன்னு அதுக்குக் கணக்கு. நெசமான பொட்டி ஒரு செகண்டுல அறுவது போட்டுடும். ஒண்ணாம் நம்பரு முக்கி முக்கி முப்பத்தஞ்சுதான் போடும். கேம் ஒரு செகண்டுன்னு எண்றதுக்குள்ள வெளிய கிட்டத்தட்ட ரெண்டு செகண்டு போயிடும். வளைவு உனுக்கு மெதுவா வரும். யோசிக்க நேரம் இருக்கும், திருப்ப நேரம் இருக்கும். உன் ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட, செவுத்துக் கடியாரத்துல பாத்தா மூணரை நிமிஷம்டா.

— அண்ணா.

— சொல்லு.

— அப்ப நா வேகமா ஓட்டவே இல்ல.

— இல்ல.

— பத்தொம்போது வருஷமா சொல்லிக்கினு திரியறேண்ணா. ஷர்புவப் பொண்ணு பாக்கப் போனப்ப அவங்க வூட்ல ஒக்காந்துக்கினு இதச் சொன்னேன். கடைக்கு வர்ற பசங்களுக்கு ஷூ மாட்டி வுடறப்ப கூட சொல்லுவேன். யாராச்சும் ஒருத்தன் மனசுக்குள்ள சிரிச்சிருப்பான் இல்ல? நீங்களாச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் அப்ப தெரியாதா?

— தெரியும்.

— தெரியுமா?

— மொத நாள்லருந்தே தெரியும். திரை மேல மூலையில சின்னதா ஒரு நம்பரு ஓடும், செகண்டுக்கு எத்தினி படம்னு. உங்க யாரு கண்ணுலயும் அது படல. எனுக்குப் பட்டுது.

— ஏண்ணா சொல்லல?

— தூக்கிப் போடலாம்னு வச்சிருந்த மெஷின் அது. நீ ரெக்கார்டு போட்டதுக்கப்பறம் அதுக்குத்தான் கூட்டம். நா பேசாம இருந்துட்டேன். பேசாம இருந்தது கூட பரவால்ல, என் கையாலயே அட்டையில எழுதி ஒட்னேன் பாரு, அத நெனச்சா இப்பவும் கூசுது. பாவசங்கீர்த்தனத்துல கூட சாமியாருகிட்ட இத சொன்னதில்ல. பசங்க வெளையாட்டு, இதுல இன்னா பாவம்னு என்னிய நானே சமாதானம் பண்ணிக்கினேன். கண்ணாயிரம் வந்துட்டுப் போற வரிக்கும்.

— எந்தக் கண்ணாயிரம்?

— கல்வராயன் மலைலருந்து வந்து ஆஸ்டல்ல தங்கிப் படிச்சானே. சனிக்கெழம மட்டும் வருவான். உன் கும்பல் ஒண்ணாம் நம்பர வுடாது. அவன் நாலாம் நம்பர்ல ஒக்காந்து முழு வேகத்துல ஓட்டுவான்.

— ரெண்டு நிமிஷம் பதினொண்ணு.

— உனுக்கே ஞாபகம் இருக்குது பாரு.

— எப்டிண்ணா மறக்கும்? எங்கிட்ட தோத்தவன் ஸ்டூல் மேல ஏறி நின்னு 'நா கத்துக்குட்டி'ன்னு மூணு தபா சொல்லணும். நாந்தான் அந்தச் சட்டம் போட்டேன். அவன் ஏறி நின்னு சொன்னான். 'மலையில ஆடு மேய்க்கறவனுக்கு காரு எதுக்குடா'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சானுங்க.

— நானும் சிரிச்சேன். கவுன்ட்டர்ல ஒக்காந்துக்கினு, அந்த நாலு சிஸ்டத்துல இவன் ஒருத்தன்தான் நெசமா ஓட்றான்னு தெரிஞ்சிக்கினே சிரிச்சேன். அடுத்த சனிக்கெழம அவன் வரல. அதுக்கப்பறம் வரவே இல்ல.

— அவன நா போன வருஷம் பாத்தேண்ணா.

— எங்க?

— பெரியார் அருவிக்கு வேன் பேசி குடும்பத்தோட போனோம். வேன ஓட்டுனது அவன்தான். வெள்ளிமலை ஏத்தத்துல அத்தினி கொண்டை ஊசி, ஒருத்தர் கூட வாந்தி எடுக்கல. அவ்ளோ நல்லா ஓட்டுனான். என்னியப் பாத்தவொடனே கண்டுபுடிச்சிட்டு, 'நல்லா இருக்கியா வாஜித்து'ன்னு சிரிச்சான். நா இன்னா பண்ணேன் தெரியுமா?

— சொல்லு.

— அப்ரின்கிட்ட, அவன் காதுல வுழற மாரி சொன்னேன். 'இவரத்தான் அத்தா அன்னிக்கித் தோக்கடிச்சேன்'னு. அவன் அவளப் பாத்து, 'ஆமாம்மா, உங்கத்தா பெரிய ஆளு'ன்னான். எறங்கறப்ப அவளுக்கு கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தான்.

— ஏசப்பா.

— ஸ்டூல் மேல நிக்கறப்ப அவனும் அழலண்ணா. தரையப் பாத்துக்கினு நின்னான். அப்ரினும் அன்னிக்கி அப்டியேதான் நின்னா. ஜெயிச்சவங்கள நிக்க வச்சிட்டு, தோத்தவன் நா ஒக்காந்துக்கினு வேடிக்க பாத்திருக்கேன்.

— உனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தும் வாய மூடிக்கினு இருந்தது நா.

— தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுண்ணா. வேகத்தப் பத்திதான் எனுக்குத் தெரியாது. ஒருத்தர நிக்க வச்சா அவங்களுக்கு எப்டி இருக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் நிக்க வச்சேன்.

— இப்ப இன்னா பண்ணப் போற?

— வூட்டுக்குப் போயி அவளத் தனியாக் கூப்ட்டு...

— திட்டுனது தனியாவா?

— இல்ல. பதினாலு பேரு இருந்தாங்க. குடும்ப வாட்ஸப் குரூப்பு ஒண்ணு இருக்குதுண்ணா, மணலூர்பேட்டைல இருந்தவங்க அத்தினி பேரும் அதுல இருக்காங்க. ஷர்பு போன்லயும் இருக்குது, அப்ரின் அதுலதான் பாப்பா. வாய்ஸ் போட்டுடறேன்.

— நிதானமா யோசிச்சிப் போடுடா.

— யோசிச்சா போட மாட்டேன். பேசாம இருங்க, அமுக்கிட்டேன்... அஸ்ஸலாமு அலைக்கும். வாஜித் பேசறேன். அக்கா, மச்சான், எல்லாரும் கேளுங்க. பக்ரீத்தன்னிக்கி என் பொண்ணு திருட்டுத்தனமா ஆடுனான்னு உங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன். அது தப்பு. இப்ப ஆல்பர்ட் அண்ணன்கிட்ட லேப்டாப்பக் காட்டிட்டேன். அவ ஒரு தப்பும் பண்ணல. தப்பு என்னோட ரெக்கார்டுல இருக்குது. நா ஆடுன கம்ப்யூட்டரு ரொம்ப மெதுவா ஓடியிருக்குது. பாதி வேகத்துல ஓட்டிட்டுத்தான் இத்தினி வருஷமா உங்க எல்லார்கிட்டயும் பெரும பேசிக்கினு இருந்திருக்கேன். முழு வேகத்துல இப்ப ஓட்டிப் பாத்தேன், எனுக்கு மூணு நிமிஷத்துக்குக் கீழ வரல. அப்ரின் முழு வேகத்துல, நேர்மையா ஜெயிச்சிருக்கா. அவளத் தெனமும் டல்லுன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும் நிக்க வச்சேன். எனுக்கு வெக்கமா இருக்குது. அப்ரின், அத்தாவ மன்னிச்சிடும்மா. அவ்ளோதான்.

— போயிடுச்சா?

— போயிடுச்சுண்ணா.

— தண்ணி குடி.

— மச்சான் கை தட்ற பொம்ம போட்டுட்டாரு. அக்கா அழுவற பொம்ம போட்டுட்டா. அன்னிக்கி சிரிச்ச பசங்க இருக்கானுங்களே, தோ பாருங்க, மூணு பேரும் 'சாரி அப்ரின்'னு போட்டுட்டானுங்க. எங்க பெரிய மாமு 'எங்க வூட்டுப் புள்ளன்னா இப்டித்தான் நேர்மையா இருக்கும்'னு எழுதியிருக்காரு. அவரு யாரையும் லேசுல பாராட்ட மாட்டாருண்ணா.

— ஷர்பு?

— ஒண்ணும் போடல. இருங்க இருங்க, ஷர்பு நம்பருதான் கூப்புடுது. ஹலோ, ஷர்பு?

— அத்தா.

— அப்ரின்! அண்ணா, அவதாண்ணா, பேசறா! ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. கண்ணு, கேட்டியாம்மா அத்தா பேசுனத?

— கேட்டேன்.

— அத்தாவுக்கு இதுக்கு மேல எப்டி சொல்றதுன்னு தெரியலம்மா. நீ அன்னிக்கி நின்னது என் கண்ணுலயே நிக்கிது. சாயந்தரம் வந்து இன்னும் நல்லா கேக்கறேன். நீ சாப்ட்டியா?

— அத்தா, குரூப்ல போட்ட வாய்ஸ எடுத்துடுங்க.

— எதுக்கும்மா எடுக்கணும்? வெக்கப்பட வேண்டியது நானு, நீ இல்ல. எல்லாரும் நல்லா கேக்கட்டும்.

— எடுத்துடுங்க அத்தா, ப்ளீஸ். பெரிய மாமு என்னிய நேர்மைன்னு எழுதறாரு. எடுத்துடுங்க.

— ஏம்மா அழுவற? அன்னிக்கி அவ்ளோ நேரம் நின்னப்ப கூட நீ அழலியே. நா எல்லாத்தயும் ஒத்துக்கினேன், இப்ப எதுக்கும்மா அழுவற?

— நாப்பது நாளு ஆடிப் பாத்தேன் அத்தா, முழு வேகத்துல உங்க டைம் எனக்கு வரவே இல்ல. நீங்க சொல்ற மாதிரி நா டல்லுதான் போலன்னு நெனச்சி, நானும் வேகத்தப் பாதியாக்கி வச்சி ஆடிட்டு மறுபடி நூறுக்கே மாத்திட்டேன், அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டு செகண்ட அப்டித்தான் எடுத்தேன்.